கண்டக்டர் ஏறிய படிகள்

லண்டன் மாடி பஸ்ஸில் அந்தக் காலத்தில் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். டிரைவருக்கு ஷிஃப்ட் முழுக்க ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கும் வேலை. கண்டக்டருக்கு டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கும் வேலை. ஒரே டெப்போ, ஒரே ரூட், ஒரே புகை. வாழ்க்கை வசதியிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் மாரடைப்பு மட்டும் இருவரையும் ஒன்றாகப் பார்க்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் அது. பிரிட்டனில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் விழுந்துகொண்டே இருந்தார்கள். காரணம் பிடிபடவில்லை. பார்க்கும் வேலைக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ என்று ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டருக்குச் சந்தேகம். லண்டன் பஸ், டிராம் தொழிலாளர்களில் 35 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட சுமார் 31,000 ஆண்களின் விவரங்களை அவருடைய குழு திரட்டியது. ஒரு கண்டக்டர் ஒரு வேலை நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறுகிறார் என்று எண்ணிப் பார்த்தார்கள். டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது, வந்தாலும் வயது தள்ளி வந்தது, அந்த முதல் தாக்குதலிலேயே உயிர் போவதும் குறைவாக இருந்தது.

1953-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இது வெளியானது. அதே ஆய்வில் தபால்காரர்களையும் பார்த்தார்கள். சைக்கிளிலும் நடந்தும் தபால் கொடுத்தவர்களின் இதயம், அதே துறையில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த குமாஸ்தாக்கள், டெலிபோன் ஆபரேட்டர்களின் இதயத்தைவிட நன்றாக இருந்தது.

மாரிஸிடம் எனக்குப் பிடித்தது, அவர் தன் கண்டுபிடிப்பையே சந்தேகப்பட்டதுதான். குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ? அப்படியென்றால் நோய்க்குக் காரணம் உட்கார்ந்திருப்பது இல்லை, முதலிலேயே இருந்த தொப்பையாக இருக்கலாமே? இதைச் சோதிக்க அவர் போய் எடுத்தது யூனிஃபார்ம் அளவு நோட்டு. ஒவ்வொரு ஊழியருக்கும் தைத்துக் கொடுத்த கால்சட்டையின் இடுப்பளவு அதில் இருந்தது. டிரைவர்களின் இடுப்பு கண்டக்டர்களைவிடப் பெரிது என்பது உண்மைதான். ஆனால் ஒல்லி டிரைவரை ஒல்லி கண்டக்டரோடும், பருத்த டிரைவரைப் பருத்த கண்டக்டரோடும் ஒப்பிட்டபோதும் கண்டக்டர்தான் தப்பித்தார். இடுப்பளவு விஷயத்தின் ஒரு பகுதியை மட்டுமே சொன்னது. மிச்சத்தைச் சொன்னவை அந்தப் படிகள்.

70 வருடங்களுக்கும் மேலாகிவிட்டது. உடல் இளைக்காவிட்டாலும் இயக்கம் காப்பாற்றும் என்ற இந்த ஒரு விஷயம் இன்னும் நம் மனதில் சரியாக இறங்கவில்லை. உடற்பயிற்சி என்றதும் எடை பார்க்கும் மிஷின்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. ஒரு மாதம் விடியற்காலையில் எழுந்து நடக்கிறோம். மிஷினில் ஏறிப் பார்க்கிறோம். முக்கால் கிலோகூடக் குறையவில்லை. ‘நமக்கு இது சரிப்பட்டு வராது’ என்று ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறோம். பலன் உள்ளே நடந்துகொண்டிருக்கும்போதே, அதைக் காட்டத் தெரியாத ஒரு கருவியைக் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறோம். இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இதனால்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்ளும் இடம் தசை. சாப்பிட்டதும் இன்சுலின் வந்து தட்டினால்தான் தசை தன் கதவைத் திறக்கும். சர்க்கரை நோய் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே, எத்தனை தட்டினாலும் திறக்காத நிலைக்கு அந்தக் கதவு வந்துவிடுகிறது. இன்சுலின் எதிர்ப்பு என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் அதே கதவைத் திறக்க இன்னொரு வழியும் உண்டு. தசை சுருங்கி விரிந்தாலே, அதாவது நீங்கள் நடந்தாலே, ‘குளூட் 4’ என்ற புரதம் தசை செல்லின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்கிறது. இன்சுலின் வந்து தட்ட வேண்டியதே இல்லை.

நடந்து முடித்த பிறகும் ஓரிரு நாள்வரை தசை இன்சுலினுக்கு வழக்கத்தைவிட நன்றாகச் செவிசாய்க்கும். அதற்கு மேல் அந்தப் பலன் கரையத் தொடங்கிவிடும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று சர்க்கரை நோய் டாக்டர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வாரம் முழுக்க உட்கார்ந்திருந்தால் சர்க்கரைக்கு அது போதாது.

ரத்தக் குழாய்க்கு வருவோம். நடக்கும்போது ரத்த ஓட்டம் வேகமெடுத்து குழாயின் உள்சுவரைத் தேய்த்துக்கொண்டு போகிறது. அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. குழாய் இளகி விரிகிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒழுங்காக நடந்தால் மேல் அளவு 5 முதல் 8 புள்ளிவரை இறங்குவதற்கு வாய்ப்பு உண்டு. பிரஷர் மாத்திரை ஒன்று செய்யும் வேலைக்குப் பக்கத்தில் வரும் அளவு அது. (மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த முடிவு உங்கள் டாக்டருடையது.) கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம், காலில் தேங்கும் ரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளிவிடுகிறது. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் ஜவுளிக்கடை ஊழியர்களுக்கு மாலையில் கால் வீங்குவது ஏன் என்பது இதிலேயே புரியும். அவர்களுடைய கால் நிற்கிறது, ஆனால் கெண்டைக்கால் வேலை செய்வதில்லை.

புற்றுநோய்க்கும் இதற்கும் உள்ள உறவு, பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். உடலை இயக்குகிறவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் குறைவு என்பது பல வருடங்களாகவே தெரிந்ததுதான். ஆனால் 2025-ல் வெளியான ஒரு பெரிய பரிசோதனை இன்னும் ஒரு படி மேலே போனது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பயிற்சியாளர் வைத்து மூன்று வருடம் உடற்பயிற்சி. மற்றவர்களுக்கு ஆரோக்கியத்துக்கான கையேடு மட்டும். எட்டு வருட முடிவில் உடற்பயிற்சிப் பிரிவில் 100-க்கு 90 பேரும் மற்ற பிரிவில் 83 பேரும் உயிரோடு இருந்தார்கள். ஒரு புதிய மருந்து இந்த வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டுக் கொண்டாடியிருக்கும்.

சென்னையில் கண்டது

வெள்ளைக்காரர்களை வைத்து நடத்திய ஆய்வு நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நம் உடல்வாகு வேறு. 2004-ல் ‘லான்செட்’ ஒரு படம் வெளியிட்டது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. அதன்படி இரண்டு பேருமே ஒல்லி. ஆனால் உடலில் இருந்த கொழுப்பை அளந்தபோது பிரிட்டன் டாக்டருக்கு 9.1 சதவீதம், புனே டாக்டருக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு, தசையோ குறைவு. ‘எனக்கு வெயிட்டே இல்லையே, எனக்கு எப்படி சுகர்?’ என்று ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் நம் வீட்டு ஆட்களுக்கு அந்தப் படம் பதில் சொல்கிறது.

அதனால்தான் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு நமக்கு முக்கியம். சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்ற நிலையில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவுக்குச் சாப்பாட்டில் சில மாற்றங்களோடு தினமும் அரை மணி நேரம் வேக நடை. மூன்றாவது பிரிவுக்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காவது பிரிவுக்கு இரண்டும் சேர்த்து. மூன்று வருடக் கணக்கைப் பார்த்தார்கள். அறிவுரை மட்டும் கேட்ட பிரிவில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. நடந்து, சாப்பாட்டை மாற்றிக்கொண்டவர்களில் அது 39 ஆக இருந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 40. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

2006-ல் வெளியான அந்த முடிவுகளில் எல்லாவற்றையும்விட என்னை உட்காரவைத்தது ஒரு சின்னத் தகவல்தான். நடந்த பிரிவினரின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. எடை அப்படியே இருக்க, நோய் தள்ளிப்போயிருக்கிறது. லண்டன் யூனிஃபார்ம் நோட்டு சொன்ன அதே விஷயத்தை, அரை நூற்றாண்டு கழித்து, நம் ஊர் ரத்தப் பரிசோதனை சொன்னது.

அதே டாக்டரின் குழு பிற்பாடு இன்னொன்றும் செய்து பார்த்தது. சர்க்கரையின் வாசலில் நிற்கும் 537 ஆண்களில் பாதிப் பேருக்கு, சாப்பாடு பற்றியும் நடை பற்றியும் செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு வருடத்தில் செய்தி வந்தவர்களில் 100-க்கு 18 பேருக்கும் வராதவர்களில் 27 பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. ஞாபகப்படுத்த ஒரு ஆள் இருந்தால் மனிதன் நடக்கிறான். தெருவில் ஒரு நடைத்துணை கிடைத்தவர்கள் விடாமல் நடப்பதையும், துணை ஊருக்குப் போய்விட்டால் இவர்களும் படுத்துவிடுவதையும் நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

இத்தனை செய்து கடைசியில் ஆயுள் கூடுகிறதா? சீனாவின் டாச்சிங் நகரில் 1986-ல் தொடங்கிய ஆய்வு அதற்குப் பதில் வைத்திருக்கிறது. சர்க்கரையின் விளிம்பில் இருந்த 577 பேரில் பெரும்பகுதியினருக்கு ஆறே வருடம் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி அல்லது இரண்டும். பிறகு அவரவர் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள். 30 வருடம் கழித்துத் தேடிப் போய்ப் பார்த்தால், அந்த ஆறு வருடப் பழக்கம் சர்க்கரை நோயைச் சராசரியாக நான்கு வருடம் தள்ளிப்போட்டிருந்தது. ஆயுளிலும் கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் கூடியிருந்தது. ஒன்றரை வருடம் குறைவாகத் தெரியலாம். ஒரு பேரப்பிள்ளை தவழ்ந்து, நடந்து, ‘தாத்தா’ என்று கூப்பிடும்வரைக்குமான காலம் அது. அந்த வருடங்களை டயாலிசிஸ் கட்டிலில் கழிக்கிறோமா, சொந்தக் காலில் கழிக்கிறோமா என்பதும் இதே கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

மூன்று வாரப் படுக்கை

போன வருடம் ஐப்பசி மழையில் என் அம்மாவுக்கு டெங்கு. வயது 68. தட்டணுக்கள் இறங்கி, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்து, வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு நாங்கள் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். பாசத்தால் அவரைக் கட்டிலோடு கட்டிப் போட்டோம். தண்ணீர் கட்டிலுக்கு வந்தது, சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. எழுந்தால் தங்கை அதட்டினாள். வந்து பார்த்த உறவெல்லாம் ‘நல்லா ரெஸ்ட் எடுங்க மதினி’ என்று சொல்லி, ஹார்லிக்ஸ் வைத்துவிட்டுப் போனது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் பாத்ரூமிலிருந்து ‘ஏப்பா’ என்று மெல்லிய குரல். உட்கார்ந்த இடத்திலிருந்து அவரால் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் எப்போதோ போயிருந்தது. தொடையில் வலுவும் அதோடு போயிருந்தது. கையைப் பிடித்துத் தூக்கும்போது ஜாக்கெட்டின் கைப்பகுதி தொளதொளவென்று ஆடியதைப் பார்த்தேன்.

இப்படி ஆகும் என்பதை அமெரிக்காவில் 1966-லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டல்லாஸ் நகரில் ஐந்து இளைஞர்கள், எல்லோருக்கும் 20 வயது. மூன்று வாரம் படுத்தே இருக்கச் சொன்னார்கள். அவர்களுடைய உடலின் தாங்கும் சக்தி, அதாவது ஆக்சிஜனை வாங்கிப் பயன்படுத்தும் திறன், சரிந்து விழுந்தது. 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரை 50 வயதில் மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். 30 வருட வயோதிகம் செய்த சேதத்தைவிட, 20 வயதில் அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. நல்ல செய்தியும் அதே ஆய்வில் உண்டு. 50 வயதில் ஆறு மாதம் நடையும் ஓட்டமும் சைக்கிளுமாக அவர்களைப் பழக்கினார்கள். 20 வயதில், படுக்கைக்கு முன் இருந்த அந்தச் சக்தி திரும்பி வந்தது.

அம்மாவுக்காக வந்தது ஒரு பிசியோதெரபி பெண். கல்லூரி முடித்து ஓரிரு வருடம்தான் ஆகியிருக்கும். மெஷின் எதுவும் கொண்டுவரவில்லை. சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். உயரத்துக்கு ஒரு தலையணையை மடித்து அதன்மேல் வைத்தாள்.

“அம்மா, கைய நெஞ்சுல கட்டிக்கங்க. ஊண்டாம எந்திரிங்க பாப்போம்.”

“விழுந்துட்டா?”

“நான் நிக்கிறேன்ல.”

முதல் நாள் இரண்டு தடவை. மூன்றாவதற்கு முட்டி நடுங்கியது. அதற்கு மேல் அவள் விடவில்லை. அடுத்த வாரம் தலையணையை எடுத்துவிட்டாள். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகப் பிடித்து மடக்குவது. 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று வாரம் ஒரு நாள் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணினாள். 65 வயதிலிருந்து 69 வரை உள்ள பெண்களுக்கு 11-க்குக் கீழே போனால் கால் வலு குறைவு, விழும் ஆபத்து உண்டு என்பது கணக்காம். அம்மா 11-ஐத் தொட இரண்டரை மாதம் ஆனது. தொட்ட அன்று யாரும் சொல்லாமலே பன்னிரண்டாவது தடவையும் எழுந்து நின்று, “எழுதிக்க” என்றார்.

68 எல்லாம் ஒரு வயதே இல்லை. பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில், 1990-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களுடைய கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 90 வயதிலும் தசைக்குச் சொன்னால் கேட்கிறது. ‘இந்த வயசுக்கு மேல என்னத்த’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நாமும் தலையாட்டி ஏற்றுக்கொள்வது பெரிய தப்பு.

30 வயதுக்கு மேல் ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் உடல் தன் தசையில் ஒரு பங்கை இழந்துகொண்டே போகிறது. நடை இதயத்தைக் காப்பாற்றும். தசையைக் காப்பாற்ற நடை மட்டும் போதாது, எதையாவது தூக்கவும் தள்ளவும் எழவும் வேண்டும். நம் ஊரில் வாக்கிங் பழகியவர்கள்கூட இதைத் தொடுவதில்லை. கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான் தொடையில் வலு இல்லாதது குடும்பத்துக்குத் தெரிகிறது.

எவ்வளவு போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையானது. வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. 65 வயது தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மிதமானது என்றால் எது? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதற்கு மேல் கருவி தேவையில்லை.

இந்த எண்களைப் பார்த்து மலைத்துப் போகிறவர்களுக்குத் தைவானிலிருந்து ஒரு கணக்கு. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியிட்டார்கள். ஒன்றுமே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், தினம் வெறும் 15 நிமிடம் உடலை இயக்கியவர்களுக்கு எந்தக் காரணத்தாலும் இறக்கும் ஆபத்து 14 சதவீதம் குறைவு. எதிர்பார்க்கும் ஆயுள் மூன்று வருடம் அதிகம். அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் கிடைப்பது 4 சதவீதம்தான். பெரிய லாபம் முதல் கால் மணி நேரத்திலேயே இருக்கிறது. மாரத்தான் ஓடுகிறவர் இன்னும் அரை மணி நேரம் கூட்டுவதைவிட, சோபாவில் இருப்பவர் தெருமுனைவரை போய் வரத் தொடங்குவதால் கிடைக்கும் பலன் பெரிது.

பத்தாயிரம் அடி என்ற கணக்கும் அப்படித்தான். அது டாக்டர்கள் சொன்ன எண் இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு ஒரு ஜப்பானியக் கம்பெனி விற்ற அடி எண்ணும் கருவியின் பெயர் அது. ‘மான்போ-கே’ என்றால் பத்தாயிரம் அடி மீட்டர். சராசரி வயது 72 உள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, நாளுக்கு 2,700 அடி வைத்தவர்களைவிட 4,400 அடி வைத்தவர்களிடையே இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. இவையெல்லாம் மக்களைப் பார்த்துக் கணக்கெடுத்தவை. ஆரோக்கியமாக இருப்பவர்களே அதிகம் நடப்பார்கள் என்ற சிக்கல் இவற்றில் எப்போதும் உண்டு. ஆனால் சென்னை, டாச்சிங் போன்ற பரிசோதனைகளும் அதே திசையைக் காட்டும்போது அந்தச் சந்தேகம் வலுவிழந்துவிடுகிறது.

சாப்பிட்ட கையோடு படுக்காமல் பத்து நிமிடம் உலாத்துவது சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனி நன்மை. உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அந்த நேரத்திலேயே தசை வாங்கிக்கொள்ளும்.

ஒன்றிரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. ஜிம்மில் ஒருவர் விழுந்து இறந்த வீடியோ வந்தால் ஊரே உடற்பயிற்சிக்குப் பயப்படுகிறது. கடும் உழைப்பின்போது மாரடைப்பு வரும் ஆபத்து, பழக்கமே இல்லாமல் திடீரென்று உடலை வருத்துகிறவர்களுக்குத்தான் மிக அதிகம். ஒழுங்காகப் பழகியவர்களுக்கு அது மிகக் குறைவு. அதனால் சும்மா இருப்பது பாதுகாப்பு ஆகாது, படிப்படியாகக் கூட்டுவதுதான் பாதுகாப்பு. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கும் கைக்கும் வலி பரவினாலோ, தலை சுற்றினாலோ அங்கேயே நின்று டாக்டரிடம் போக வேண்டும். ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்துக் கடத்தக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளட்டும். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம்.

யாருக்கு இடம், யாருக்கு நேரம்?

2024-ல் வெளியான உலக அளவிலான கணக்கு ஒன்று நம்மைத் தலைகுனிய வைக்கிறது. போதுமான உடலியக்கம் இல்லாத பெரியவர்கள் உலகில் 31 சதவீதம். இந்தியாவில் கிட்டத்தட்ட 50 சதவீதம். 2000-ல் நம் நாட்டில் இது 22 சதவீதமாக இருந்தது. அந்த 50-ஐப் பிரித்துப் பார்த்தால் ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் என்று சொன்னது. இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று தெரியாதவை இல்லை.

பெண்கள் விஷயத்தில் நின்று பேச வேண்டும். ‘நாள் பூரா வீட்டு வேலைதானே செய்யிறேன், அதுவே எக்சர்சைஸ்தான்’ என்று அம்மாக்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது முழு உண்மை. கிணற்றில் நீர் இறைத்து, உரலில் இடித்து, ஆட்டுக்கல்லில் ஆட்டியவர்களின் தோளும் முதுகும் அதற்குச் சாட்சி. இன்று கிரைண்டரும் மிக்சியும் வாஷிங் மெஷினும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. எடுத்துக்கொண்டது நல்லதுதான். அந்தப் பாடு திரும்ப யாருக்கும் வர வேண்டாம். ஆனால் உடலியக்கம் போய், நிற்பதும் அலுப்பும் மட்டும் மிச்சமாகிவிட்டது. காலை ஐந்து மணிக்கு எழுந்து டிபனும் டப்பாவும் கட்டும் பெண்ணிடம் ‘வாக்கிங் போ’ என்று சொல்லும் கணவர், அந்த அரை மணி நேரம் அடுப்படியில் நின்றால்தான் அவள் வாசலைத் தாண்ட முடியும். அந்த உதவி இல்லாமல் சொல்லும் அறிவுரைக்குப் பலன் இல்லை.

வாசலைத் தாண்டினால் இடம் வேண்டும். தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஓர் எட்டு கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்பது ஒரு தொடக்கம் மட்டுமே. மக்கள் நடக்க வேண்டியது அவரவர் தெருவில். மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் பாருங்கள். சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு இரண்டிரண்டு பேராகக் குடும்பக் கதை பேசியபடி பெண்கள் வேகமாக நடக்கிறார்கள். நிழலும் வெளிச்சமும் நாலு பேர் நடமாட்டமும் உள்ள இடம் கிடைத்தால் அவர்கள் வருகிறார்கள். டிரான்ஸ்பார்மரும் பைக்கும் அடைத்து நிற்கிற, தெருவிளக்கு எரியாத, நாய் துரத்துகிற நடைபாதையில் யாரும் வர மாட்டார்கள். ஒரு நடைபாதையைச் செப்பனிடுவதும் மருத்துவச் செலவுதான் என்று மாநகராட்சிக் கணக்குகள் எழுத ஆரம்பிக்க வேண்டும்.

மறுபடி லண்டன் டாக்டர் மாரிஸிடம் வருவோம். அவருடைய கண்டக்டர்கள் யாரும் உடல்நலத்துக்காகப் படி ஏறவில்லை. வேலை அவர்களை ஏற வைத்தது. பிற்காலத்தில் மாடி பஸ்களிலும் கண்டக்டர் வேலை இல்லாமல் போயிற்று. மாரிஸ் தன் 99-ஆவது வயதில், 2009-ல் இறந்தார்.

போன மாதம் அம்மா, பெரியம்மா வீட்டுக்கு டவுன் பஸ்ஸில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஆட்டோ வேண்டாமாம், பெண்களுக்குத்தான் டிக்கெட் இல்லையே. ஸ்டாப்பில் நானும் நின்றேன். நம் டவுன் பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்பது முட்டி வலி உள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும். பஸ் வந்தது. அம்மா கம்பியைப் பிடித்தார். இடது காலைத் தூக்கி வைத்து, நாற்காலியில் பழகிய அதே பாங்கில் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, எழும்பினார். பின்னால் பிடிக்கத் தயாராக நீட்டிய என் கை அப்படியே நின்றது. உள்ளேயிருந்து கண்டக்டர், “மெதுவா, பாத்தும்மா” என்று கை கொடுக்க வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் அம்மா ஜன்னல் ஓர சீட்டைப் பிடித்திருந்தார்.